கிளாஸ்ரூம் சூட்டுக்கு எது சரி: ஏசியா, புது ஃபேனா, எக்ஸாஸ்ட்டா, மொட்டைமாடிக்கு வெள்ளையா?

பிப்ரவரி பாதி தாண்டுச்சுன்னா போதும், எனக்கு ஒரே மாதிரி கேள்வியா வர ஆரம்பிச்சிரும். இந்த வருஷம் மொதல்ல வந்தது வேலூர் பக்கத்துல இருந்து. ஒரு உதவி பெறும் பள்ளி, மேல்மாடில ஆறு ரூமு, ஒவ்வொண்ணும் இருபதுக்கு இருபது, ரூமுக்கு நாப்பது பிள்ளைங்க. பழைய மாணவருங்க சேந்து மூணு லட்சம் திரட்டி வெச்சிருக்காங்க. ஒருத்தர் ஏசி போடலாம்ங்கறார், இன்னொருத்தர் எல்லா ஃபேனையும் கழட்டிட்டு பிஎல்டிசி, அதான் கம்மி கரண்டுல ஓடுற புது வகை மோட்டார் ஃபேன், மாட்டுனா கரண்டு பில்லு பாதியாயிரும்ங்கறார், ஹெச்எம் சார் பாவம் "மாடிக்கு வெள்ளையடிச்சா போதாதா"ன்னு மெதுவா கேட்டுப் பாத்திருக்கார், யாரும் காதுல வாங்கல. பணம் பேங்க்ல தூங்குது, பிள்ளைங்க வேர்த்து ஊத்திட்டு உக்காந்திருக்கு.

நான் ஸ்கூலு, கல்யாண மண்டபம், சின்ன ஆஸ்பத்திரின்னு எலக்ட்ரிக்கல், ஏசி வேலை எடுத்து பண்றவன். நீங்க ஏசி போட்டாத்தான் எனக்கு லாபம். அத மனசுல வெச்சுக்கிட்டே மேல படிங்க. கீழ சொல்ற விலையெல்லாம் தோராயம்தான், ஊருக்கு ஊரு மாறும்.

## மொதல்ல எத வெச்சு முடிவு பண்றது

வீட்டுக்கு ஏசி வாங்கற கணக்கும் ஸ்கூலுக்கு வாங்கற கணக்கும் ஒண்ணு கிடையாது, எல்லாரும் தப்பு பண்றது இங்கதான். ஸ்கூலு வருஷத்துக்கு இருநூறு, இருநூத்தி இருபது நாளுதான் ஓடுது, ஒரு நாளைக்கு ஆறேழு மணி நேரம். அக்னி நட்சத்திரம் பூரா லீவு. அதோட இப்பல்லாம் வெயில் ஜூன் வரைக்கும் இழுக்குது, 2023ல ஜூன் 1ன்னு சொன்ன திறப்பு 12, 14ன்னு தள்ளிப் போச்சு, 2024லயும் ஜூன் 10க்குத்தான் திறந்தாங்க. அப்ப உங்களுக்கு நிஜமாவே தாங்க முடியாத நாளுன்னு பாத்தா மார்ச், ஏப்ரல், ஜூன், ஜூலை, அப்புறம் செப்டம்பர்ல கொஞ்சம். எந்த சாமான் விக்க வர்றவனும் இந்தக் கணக்க போட மாட்டான், அவன் ஒரு நாளைக்கு பதினஞ்சு மணி நேரம் ஓடுற வீட்டு கணக்கதான் காட்டுவான்.

அதனால நான் பாக்குறது அஞ்சு விஷயம்:

1. சூடு எங்கிருந்து வருது, அத நிறுத்துதா, இல்ல வந்த சூட்ட சமாளிக்குதா
2. ரூமுக்குள்ள புதுக் காத்து வருதா
3. வாங்குற செலவு, அதுக்கப்புறம் ஸ்கூல் நாள் கணக்குப்படி கரண்டு
4. ரிப்பேர் ஆனா யாரு பாப்பா, உள்ளூர் எலக்ட்ரீஷியனால முடியுமா
5. தீ, புகை, தூசி மாதிரி ஆபத்து ஏதும் கூட வருதா

அஞ்சாவத சும்மா சேக்கல. காரணம் கீழ வரும்.

## மாடிக்கு வெள்ளை

போன ஏப்ரல்ல ஒரு ஸ்கூல்ல மத்தியானம் மூணு மணிக்கு டெம்பரேச்சர் கன்ன மேல்மாடி சீலிங்க பாத்து புடிச்சேன், 43 காட்டுச்சு. அதே கட்டடம், கீழ் தளத்து சீலிங் 34. பிள்ளைங்க தலைக்கு மேல ஆறடி உசரத்துல உடம்பு சூட்ட விட அதிக சூடா இருபதுக்கு இருபது அடில ஒரு பலகை தொங்குதுன்னு நினைச்சுப் பாருங்க, அதுக்கு கீழ ஃபேன் சுத்துனா அந்த சூட்டதான் வாரி இறைக்கும். அதனாலதான் மேல்மாடி பிள்ளைங்க "ஃபேன் போட்டா அனல் அடிக்குது சார்"னு சொல்லுதுங்க, அது நிஜம்.

கான்கிரீட் தளம் பகல் பூரா வெயில குடிச்சிட்டு சாயங்காலம் வரைக்கும் கீழ விட்டுக்கிட்டே இருக்கும். கருத்துப் போன, பாசி புடிச்ச மாடி ஏப்ரல் வெயில்ல அம்பத்தஞ்சு அறுபது டிகிரிக்கு மேல போகும், வெள்ளையடிச்ச மாடி நாப்பதச் சுத்தி நிக்கும். ரூமுக்குள்ள ரெண்டு மூணு டிகிரி குறையும். கேக்க கம்மியா இருக்கும், ஆனா சீலிங்ல இருந்து தலைமேல அடிக்கற அனல் போயிரும், பிள்ளைங்களுக்கு தெரியற வித்தியாசம் அதுதான். தெலங்கானால 2023லயே இதுக்குன்னு தனியா கூல் ரூஃப் பாலிசியே போட்டுட்டாங்க, இது ஏதோ ஏழை வைத்தியம்னு நினைக்காதீங்க.

ரெண்டு விதமா பண்ணலாம். சுண்ணாம்பு கரைச்சு கொஞ்சம் பசை கலந்து அடிக்கறது, சதுர அடிக்கு நாலஞ்சு ரூபாதான், ஆனா ஐப்பசி கார்த்திகை மழைல பாதி போயிரும், வருஷா வருஷம் பொங்கல் முடிஞ்சதும் திரும்ப அடிக்கணும். இன்னொண்ணு கடைல கிடைக்கற ரப்பர் மாதிரியான கூல் கோட்டிங், கூலியோட சதுர அடிக்கு இருபத்தஞ்சுல இருந்து அம்பது வரைக்கும் சொல்வாங்க, நல்லா அடிச்சா அஞ்சு வருஷம் கிட்ட நிக்கும்.

இதுல யாரும் சொல்லாத செலவு நிறைய இருக்கு. மாடில வெடிப்பு இருந்தா மொதல்ல அத அடைக்கணும், பாசிய சுரண்டி கழுவி நல்லா காய விடணும், ஈரத்து மேல அடிச்சா ஆறே மாசத்துல அப்பளம் மாதிரி உரியும். மாடில பிள்ளைங்க விளையாடுனா, இல்ல உடைஞ்ச பெஞ்சு டெஸ்க்கெல்லாம் அங்கதான் அடுக்கி வெச்சிருக்கீங்கன்னா, கோட்டிங் தேயும். தூசி படிஞ்சா வெள்ளை மங்கி வேலையும் மங்கும், கோடைக்கு முந்தி ஒரு தடவ தொடப்பத்தால தேச்சுக் கழுவணும், அதுக்கு ஆளு வேணும்.

இன்னொண்ணையும் நேராவே சொல்லிடறேன். ஏசி இல்லாத ரூம்ல வெள்ளையடிச்சா கரண்டு பில்லு ஒரு ரூபா கூட குறையாது. இவ்ளோ யூனிட்டு மிச்சம்னு சொல்றதெல்லாம் ஏசி ஓடுற கட்டடத்துக்கு. உங்களுக்கு கிடைக்கறது சௌகரியம்தான், அதுக்குத்தான் காசு.

கீழ் தளத்து ரூமுக்கு இது சுத்தமா தேவையில்ல. அங்க வெயிலு மேற்குப் பக்க சுவத்துலயும் ஜன்னல்லயும்தான் வருது, ஒரு சன்ஷேடு, இல்ல ஒரு வரிசை புங்கை மரம் நட்டா நாலஞ்சு வருஷத்துல அதே வேலைய பண்ணும்.

## தகரக் கூரை, சிமெண்ட் ஷீட்டுன்னா கதை வேற

2004 ஜூலை 16, கும்பகோணம். கூரைல புடிச்ச தீயில 94 பிள்ளைங்க போச்சு. அதுக்கப்புறம் ஸ்கூல்ல கீத்துக் கொட்டகையே கூடாதுன்னு எடுத்தாங்க, எடுத்தது ரொம்ப சரி. ஆனா கீத்து இருந்த நிறைய இடத்துல தகரமும் சிமெண்ட் ஷீட்டும் வந்து உக்காந்துச்சு, தீ பயம் போச்சு, சூடு வந்துச்சு. கீத்துக்கு கீழ உக்காந்து படிச்சவங்களுக்கு தெரியும் அது எவ்ளோ குளுமைன்னு.

இப்ப அந்த ஷீட்டுக்கு கீழ சூடு தாங்கலன்னு தெர்மாகோல் சீலிங் போடறாங்க பாருங்க, அத பாத்தாலே எனக்கு வயித்த கலக்கும். தெர்மாகோல் எரியும், எரிஞ்சு உருகி கீழ சொட்டும், புகை வேற. மலிவா கிடைக்குதுன்னு அத மட்டும் போடாதீங்க, ஃபால்ஸ் சீலிங் போட்டே ஆகணும்னா ஜிப்சம் போர்டு போடுங்க, அதுக்கு மேல ஓடுற வயர பைப்புக்குள்ள விடுங்க, எலி கடிக்கறது அங்கதான்.

சிமெண்ட் ஷீட்டுன்னா இன்னொரு சங்கதி. பழைய ஷீட்டுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அத ட்ரில் போட்டு, கட் பண்ணி, பிரஷ்ஷால சுரண்டி வர்ற தூசி நுரையீரலுக்கு கேன்சர் வரைக்கும் கொண்டு போகும். டர்போ வென்டிலேட்டர், அதான் ஃபேக்டரி கூரைல உருண்டையா சுத்துமே, அத மாட்ட ஷீட்டுல ஓட்டை போடுறேன்னு ஒரு பையன ஏத்தி விடுவாங்க, கீழ பிள்ளைங்க உக்காந்திருக்கும். கூடவே கூடாது. ஷீட்ட தொடாம மேல வெள்ளை கோட்டிங் ஸ்ப்ரே பண்ணலாம், இல்ல நாலடி உசரத்துல ஷேட் நெட்டு கட்டலாம். காசு இருக்கறப்ப மொத்தமா மாத்தி நடுவுல ஃபோம் வெச்ச பஃப் பேனல் போடலாம், செலவு ஜாஸ்தி, ஆனா தகரத்துக்கும் இதுக்கும் ராத்திரி பகல் வித்தியாசம் இருக்கும். அந்த ஃபோமும் தீ விஷயத்துல ஒண்ணு போல ஒண்ணு இருக்காது, தீ தாங்கற வகைதானான்னு எழுத்துல வாங்கிட்டு போடுங்க.

## காத்து: ஜன்னல், வென்டிலேட்டர், எக்ஸாஸ்ட்

நான் எந்த ஸ்கூலுக்கு போனாலும் மொதல்ல ஜன்னலுக்கு மேல இருக்கற வென்டிலேட்டரதான் பாப்பேன். பத்துல எட்டு எடத்துல அட்டை வெச்சு அடைச்சிருக்கும், இல்ல புறா கூடு கட்டியிருக்கும், இல்ல வெள்ளையடிக்கறப்ப சேத்து பெயிண்ட் அடிச்சு ஒட்டிப் போயிருக்கும். சூடான காத்து மேலதான் ஏறும், அது வெளிய போற வழிய நாமளே அடைச்சிட்டு கீழ உக்காந்து விசிறிக்கிட்டு இருக்கோம். அத தொறந்து, புறாவும் கொசுவும் வராம வலை அடிச்சு விடறதுக்கு ரூமுக்கு ஆயிரம் ரூபா ஆனா அதிகம்.

அப்புறம் ராத்திரி. சாயங்காலம் நாலரைக்கு ஜன்னல் எல்லாத்தையும் சாத்திட்டு போறோம், கான்கிரீட் ராத்திரி பூரா உள்ளயே சூட்ட கக்குது, காலைல ஒம்போது மணிக்கு கதவ தொறந்தா இட்லி குண்டான தொறந்த மாதிரி இருக்கும். கம்பி போட்ட ஜன்னலுதானே, மழை இல்லாத மாசத்துல வாட்ச்மேன்கிட்ட சொல்லி மேல்மாடி ஜன்னல ராத்திரி தொறந்து விடுங்க. செலவு பூஜ்யம்.

எக்ஸாஸ்ட் எதுக்குன்னா, எதிரெதிர் ஜன்னல் இல்லாத ரூமுக்கு, ஒரு பக்கம் காரிடார் ஒரு பக்கம் அடுத்த கட்டடத்து சுவருன்னு மாட்டிக்கிட்ட ரூமுக்கு. ஒரு கிளாஸ்ல பிள்ளை ஒண்ணுக்கு செகண்டுக்கு 5 லிட்டர் புதுக் காத்து, தரை அளவுக்குன்னு கொஞ்சம் கூட, இதுதான் ஆஷ்ரேங்கற அமெரிக்க ஏசி இன்ஜினியருங்க சங்கத்துக் கணக்கு. நாப்பது பிள்ளைக்கு மணிக்கு எண்ணூறு கன மீட்டர் சொச்சம் வரும், ரெண்டு பன்னெண்டு இன்ச் எக்ஸாஸ்ட் தாராளமா இத இழுக்கும், ரெண்டும் சேந்து நூறு வாட்ஸ் தின்னும். ஆனா தொறந்த ஜன்னலுக்கு நேர் மேல மாட்டுனா அந்த ஜன்னல் காத்தையே இழுத்து வெளிய தள்ளும், ரூமுக்குள்ள ஒரு இலை கூட அசையாது. எதிர் சுவத்துல, மேல மாட்டணும்.

இதோட பெரிய குறை சத்தம். இரும்பு எக்ஸாஸ்ட் ஓடுற ரூம்ல டீச்சர் கத்தி கத்தி ரெண்டே வாரத்துல அவங்களே ஆஃப் பண்ணி வெச்சிருவாங்க. வாங்கறதுக்கு முந்தி ஒண்ண மட்டும் மாட்டி ஒரு பீரியட் பாடம் நடத்திப் பாக்கச் சொல்லுங்க.

## பிஎல்டிசி ஃபேன்

பழைய ஃபேன் 75 வாட்ஸ், பிஎல்டிசி 30. இதுல பொய் இல்ல. 2023 ஜனவரில இருந்து சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம், அதனால பாத்து வாங்கறது சுலபம். இப்ப ஸ்கூல் கணக்கு போடுவோம். ரூமுக்கு நாலு ஃபேன், ஏழு மணி நேரம், இருநூறு நாள். பழசுக்கு 420 யூனிட்டு, புதுசுக்கு 168. மிச்சம் 252 யூனிட்டு, யூனிட்டு எட்டு ரூபான்னு வெச்சா வருஷத்துக்கு ரெண்டாயிரம் ரூபா. நாலு ஃபேன் வாங்க பன்னெண்டாயிரம். நல்லா ஓடுற ஃபேன கழட்டிட்டு மாட்டுனீங்கன்னா போட்ட காசு வர ஆறு வருஷம். காயில் போன ஃபேனுக்கு பதிலா மாட்டுனா கதை வேற, எப்படியும் சாதா ஃபேனுக்கு ஆயிரத்தி எண்ணூறு குடுக்கத்தான் போறீங்க, கூட குடுக்கறது ஆயிரத்தி இருநூறு, ரெண்டரை வருஷத்துல வந்துரும்.

அதனால போறத போக போக மாத்துங்க. காயில் கட்ட எடுத்துட்டுப் போற அன்னிக்கே பிஎல்டிசி.

மறைஞ்சிருக்கற செலவு ரிமோட்டு. ஒரே கம்பெனி ஃபேன் நாலும் ஒரு ரிமோட்டுக்கு ஒண்ணா ஆடும், பசங்க ஒண்ண சுட்டுட்டு போயி பக்கத்து கிளாஸ் ஃபேன ஆஃப் பண்ணி விளையாடுவாங்க, நான் கண்ணால பாத்திருக்கேன், எட்டாம் வகுப்பு, கணக்கு பீரியட். சுவத்து ரெகுலேட்டர்லயே ஓடுற மாடல் கேட்டு வாங்குங்க, இல்லன்னா பழைய ரெகுலேட்டர கழட்டி நேர் லைன் குடுக்கணும், அந்த வயரிங் கூலி தனி. சாதா ஃபேன் மெதுவா சுத்துனா நம்ம எலக்ட்ரீஷியன் எண்பது ரூபாய்க்கு கண்டன்சர் மாத்திட்டு போயிருவார், பிஎல்டிசி நின்னா உள்ள இருக்கற போர்டு போச்சுன்னு அர்த்தம், கம்பெனி ஆளுதான் வரணும். வோல்டேஜ் ஏறி இறங்கற ஊரா இருந்தா வாரண்டி எத்தன வருஷம்னு பாத்துக்கோங்க.

ஃபேன் மாத்துனா ரூமு குளுமையாகாதுங்கறதையும் சேத்துச் சொல்லணும். 75 வாட்ஸ் ஃபேனும் அதே காத்து, இதுவும் அதே காத்து.

## ஏர் கூலர்

சுருக்கமா சொல்லிடறேன். வேலூர், கரூர், திருச்சி மாதிரி வறண்ட ஊருல ஏப்ரல்ல நல்லா வேலை செய்யும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோரத்துல ஏற்கனவே காத்துல ஈரம், அங்க இது புழுக்கத்த கூட்டும். ஜன்னல தொறந்து வெச்சாத்தான் வேலை செய்யும், ஸ்கூலுக்கு அது ஒரு விதத்துல நல்லதுதான். ஆனா தண்ணி யாரு ஊத்தறது? ஏப்ரல்ல குடிக்கவே லாரித் தண்ணி வாங்கற ஸ்கூல்லயும், லீவுல தொட்டித் தண்ணிய கொட்டாம விட்டு கொசு உற்பத்தி பண்ற ஸ்கூல்லயும் இத போடாதீங்க.

## ஏசி

நாப்பது பிள்ளைங்க உக்காந்தாலே அதுங்க உடம்பு சூடு ஒரு டன் ஏசிக்கு சமம். அதுக்கு மேல சீலிங், ஜன்னல், வெளிக் காத்து. அதனால அந்த இருபதுக்கு இருபது மேல்மாடி ரூமுக்கு ஒன்றரை டன் ஒண்ணு பத்தாது, ரெண்டு வேணும். "ஒண்ணு போட்டு பாப்போம்"னு போட்டு பாத்தவங்க அது நாள் பூரா நிக்காம ஓடியும் ரூமு ஆறலன்னு என்னைத்தான் திட்டுவாங்க.

ரெண்டு ஏசி, ஸ்டெபிலைசர், பைப்பு, தனி லைன் எல்லாம் சேத்து ரூமுக்கு ஒரு லட்சத்த ஒட்டி வந்துரும். ஆறு மணி நேரம், நூத்தி இருபது நாள் ஓட்டுனா 1,700 யூனிட்டு கிட்ட, பதினாலாயிரம் ரூபா. இதுவரைக்கும் எல்லாரும் யோசிப்பாங்க. யோசிக்காதது லோடு. ஈபில வாங்கி வெச்சிருக்கற லோட ஏத்தணும், அதுக்கு டெபாசிட்டு, அப்புறம் கிலோவாட்டுக்கு இவ்ளோன்னு ஃபிக்ஸட் சார்ஜ், அது மே மாசம் ஸ்கூலு பூட்டியிருந்தாலும் வரும். பழைய கட்டடத்துல மெயின் கேபிளே தாங்காது. ஒரு ஸ்கூல்ல எர்த்து சரியில்லாம ஏசி போட்டு, போர்டு தொட்டா ஜிவ்வுனு இழுக்குதுன்னு கூப்பிட்டாங்க, மண்ணுல இருந்த கம்பி துருப்புடிச்சு அத்துப்போயே பல வருஷமாயிருக்கும் போல.

அத விட எனக்கு பெரிய குறையா தெரியறது காத்து. சாதா ஸ்பிளிட் ஏசி வெளிக் காத்த உள்ள கொண்டு வராது, இருக்கற காத்தையே திரும்பத் திரும்ப குளுத்தும், நிறைய பேருக்கு இது தெரியாது. ஜன்னல் கதவ இறுக்கி மூடிட்டு நாப்பது பிள்ளைங்க மூச்சு விட்டா கரியமில வாயு வெளில 420 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல 420 பங்கு) இருக்கறது உள்ள பத்தே நிமிஷத்துல ஆயிரத்த தாண்டும், முழுசா அடைச்ச ரூமா இருந்தா ஒரே பீரியடுக்குள்ள மூவாயிரத்துக்கு மேல போயிரும். மத்தியான கிளாஸ்ல பிள்ளைங்க தூங்கி வழியறதுக்கு சாப்பாட மட்டும் குத்தம் சொல்லக் கூடாது. ஒருத்தருக்கு சளின்னா ஒரே வாரத்துல கிளாஸுக்கே சளி. அதனால ஏசி ரூம்லயும் சின்னதா ஒரு எக்ஸாஸ்ட் ஓடணும், இல்ல பீரியட் மாறறப்ப எல்லா ஜன்னலையும் அஞ்சு நிமிஷம் தொறக்கணும், ரெண்டுக்கும் கரண்டு கொஞ்சம் கூட ஆகும், ஆகட்டும். 2020ல இருந்து புது ஏசியெல்லாம் ஆன் பண்ணா 24லதான் நிக்கும், அத 18க்கு இறக்காம 26ல வெச்சு மெதுவா ஃபேன ஓட விடுங்க.

ஏசி எங்க சரின்னா கம்ப்யூட்டர் லேபு, ஜன்னலே இல்லாத ஸ்மார்ட் கிளாஸு, ரோட்டு இரைச்சலும் புகையும் ஜன்னல தொறக்க விடாத ரூமு, சூடு தாங்க முடியாத சிறப்புக் குழந்தைங்க படிக்கற ரூமு. அப்பவும் மேல்மாடின்னா மொதல்ல மாடிக்கு வெள்ளை, அப்புறம் ஏசி. அந்த வரிசைல போனா ஏசி கம்மியா ஓடும், அப்ப நிஜமாவே பில்லு குறையும்.

சோலார் பத்தியும் கேப்பீங்க. பேனல் மாடிக்கு நிழலும் தரும், ஒரு கிலோவாட்டுக்கு நாளைக்கு நாலு யூனிட்டு கிட்ட வரும், நல்ல விஷயம்தான். ஆனா பிரதமர் சூரிய வீடு திட்டத்து மானியம் வீடுகளுக்கு மட்டும்தான், ஸ்கூலுக்கு கிடையாது, அத நம்பி பட்ஜெட் போட்டுடாதீங்க.

## ஒரே பார்வைல

| வழி | 400 சதுர அடி ரூமுக்கு செலவு | வருஷத்துக்கு யூனிட்டு | பின்னாடி வர்ற தலைவலி | எங்க போடலாம் |
|---|---|---|---|---|
| சுண்ணாம்பு | 2,000 கிட்ட | 0 | வருஷா வருஷம் அடிக்கணும் | காசு கம்மி, மேல்மாடி |
| கூல் கோட்டிங் | 10,000 முதல் 20,000 | 0 | வெடிப்பு அடைக்கறது, கழுவறது | மேல்மாடி, ஷீட்டு கூரை |
| வென்டிலேட்டர் + 2 எக்ஸாஸ்ட் | 7,000 கிட்ட | 140 | சத்தம் | குறுக்குக் காத்து இல்லாத ரூமு |
| 4 பிஎல்டிசி ஃபேன் | 12,000 | 168 (பழசுக்கு 420) | ரிமோட்டு, போர்டு | பழைய ஃபேன் போன எடம் |
| 2 கூலர் | 25,000 கிட்ட | 240 கிட்ட | தண்ணி, கொசு | வறண்ட உள் மாவட்டம் |
| 2 ஏசி | 1 லட்சம் கிட்ட | 1,700 கிட்ட | லோடு, எர்த்து, அடைஞ்ச காத்து | லேபு, ஜன்னல் இல்லாத ரூமு |

## அந்த மூணு லட்சத்துக்கு நான் சொன்னது

ஏசின்னா மூணு ரூமோட காசு தீந்துரும். மூணு ரூம் பிள்ளைங்க குளுகுளுன்னு, மூணு ரூம் பிள்ளைங்க வேர்வைல, நடுவுல ஒரே ஒரு சுவரு. அடுத்த வாரமே பேரண்ட்ஸ் வந்து நிப்பாங்க.

அதனால ஆறு ரூமுக்கும் காரிடாருக்கும் சேத்து மூவாயிரம் சதுர அடி கோட்டிங், ஒரு லட்சத்து அஞ்சாயிரம். வென்டிலேட்டர் தொறந்து வலை அடிச்சு ரூமுக்கு ரெண்டு எக்ஸாஸ்ட், நாப்பத்தஞ்சாயிரம். இருபத்தி நாலு ஃபேன்ல உயிர் போற நிலைல இருக்கறது பத்து, அது மட்டும் பிஎல்டிசி, முப்பதாயிரம். வயரிங், எர்த்து சரி பண்ண முப்பதாயிரம். மொத்தம் ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம். மிச்சம் தொண்ணூறாயிரத்த தொடாதீங்க, ஒரு கோடை போகட்டும், அப்பவும் கம்ப்யூட்டர் லேபு மட்டும் தாங்கலன்னா அங்க ஏசி போடுங்கன்னு சொன்னேன். ஏசி கேட்ட அண்ணனுக்கு மூஞ்சி செத்துப் போச்சு, பேர் போட்டு திறப்பு விழா வைக்க மொட்டைமாடில என்ன இருக்குன்னு கேட்டார், நியாயமான கேள்விதான். ஹெச்எம் சார் மட்டும் சிரிச்சார். அரசுப் பள்ளியா இருந்தா இதே வேலைய, நன்கொடை வாங்கறதுக்குன்னு இருக்கற நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டம் வழியா குடுக்கலாம், பள்ளி மேலாண்மைக் குழுவுல தீர்மானம் போட்டு வெச்சுக்கோங்க, ஏசின்னா கரண்டு பில்லு யாரு கட்டறதுங்கறதையும் அந்தத் தீர்மானத்துலயே எழுதிடுங்க.

கோட்டிங் வேலைக்கு மே லீவுதான் சரியான நேரம், ஆனா கோடை மழை எப்ப வேணா வரும், மூணு நாலு நாள் காய விட இடம் வெச்சு ஆரம்பிங்க. பெயிண்டர்கிட்ட மார்ச்லயே சொல்லி வைங்க, மே மாசம் ஊருல இருக்கற எல்லா ஸ்கூலும் அதே ஆளத்தான் கூப்பிடும். அதுக்கு முந்தி ஏப்ரல்ல ஒரு நாள் மத்தியானம் மூணு மணிக்கு ஆறு ரூம் சீலிங் சூட்டையும் அளந்து, தேதி போட்டு ஒவ்வொரு ரூம் கதவுக்குப் பின்னாடியும் பென்சில்ல எழுதி வைங்க. அடுத்த ஏப்ரல்ல அதே மூணு மணிக்கு அதே ரூமுக்கு அந்த அண்ணன கூட்டிட்டுப் போயி திரும்ப அளங்க.